புள்ள படிக்குது

பின்னலகம் குடியிருப்பில் பி பிளாக்கின் ஐந்தாவது மாடித் தளத்தைச் சுத்தியலால் தட்டினேன். கருவி பதினெட்டு புள்ளி நான்கு என்றது.

மறுபடி தட்டினேன். அதே எண்.

போன ஆண்டு இதே இடத்தில் இருபத்தாறு. கருவியைக் கழற்றித் துடைத்து மாட்டி மூன்றாவது முறையும் தட்டினேன். மாறவில்லை.

ஆள் இல்லாத கட்டடத்தில்தான் இந்த எண் வரும். இங்கே முப்பத்தாறு வீடுகள், நூற்று நாற்பது பேர். வாசல்களில் செருப்புகள் கிடந்தன. கொடிகளில் துணி காய்ந்தது. கதவு இடுக்குகளில் சாம்பார் மணம் வந்தது. சத்தம் மட்டும் இல்லை.

கட்டடங்களின் பலம் பார்ப்பது என் வேலை. வீட்டு வசதி வாரியம் ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பும். திருப்பூரில் என்னைத் தட்டு சார் என்பார்கள்.

படிக்கட்டில் ஒரு பெண்மணி ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கனத்த உடம்பு. காலடி கேட்கவே இல்லை. இரண்டு காலிலும் பழைய பனியன் துணியை மடித்துத் தைத்த தடித்த உறை.

"துளசிமணிங்க. பிளாக் செக்ரட்டரி" என்றார், கிசுகிசுப்பாக.

நானும் கிசுகிசுத்தேன். அப்படித்தான் வந்தது. "யாராவது தவறிட்டாங்களா?"

"அய்ய, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க." விரலைத் தரையை நோக்கிக் காட்டினார். "புள்ள படிக்குது."

நான்காவது மாடியில் சஷ்மிதா என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. அப்பா ஈஸ்வரமூர்த்தி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா ஓவர்லாக் மெஷினில் தைப்பவர். பெண் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது. இது மூன்றாவது.

"மொதத் தடவை பதினோரு மார்க்குல போச்சுங்க. செரி, சத்தம்தான் காரணம்னு எல்லாருஞ் சேர்ந்து கொறச்சோம். ரெண்டாந் தடவை பத்தொம்போது மார்க்குல போச்சு."

"அப்புறம்?"

"இன்னுங் கொறச்சுட்டோம்."

அவர் என்னைக் கட்டடம் முழுக்கக் கூட்டிப் போனார். பெருமையாகத்தான் காட்டினார். கிரைண்டர்கள் எல்லாம் ஏ பிளாக்குக்குப் போய்விட்டன. மாவு ஆட்ட வேண்டுமென்றால் அரிசியைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டும். லிஃப்ட் மணியைப் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். கதவுக் கீல்கள் எல்லாவற்றிலும் எண்ணெய். ஏழாவது மாடித் தம்பதி சண்டை வந்தால் ஒரே சோபாவில் உட்கார்ந்து செல்போனில் ஒருவருக்கொருவர் எழுதித் திட்டிக்கொள்கிறார்கள். மாடியில் நடந்த கும்மிப் பயிற்சி நின்றுபோனது.

"நோம்பிக்குக்கூடப் பட்டாசு வெடிக்கலீங்க, ரெண்டு வருசமா."

"குழந்தைங்க?"

"பழக்கிட்டோம்."

நான் கருவியைக் காட்டினேன். எண்ணைச் சொன்னேன். அதன் பொருளையும் சொல்ல வேண்டியிருந்தது.

---

ஐந்தாவது மாடி மாரப்பன் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். மாரப்பன் நிட்டிங் மெஷின் ஓட்டுபவர். கோயில் நோம்பிகளில் ஜமாப் மேளம் அடிப்பவர். மேளத்தைப் பல்லடத்தில் மச்சான் வீட்டில் ஒப்படைத்து இரண்டு ஆண்டு ஆகிறது. அவர் வீட்டுத் தரைதான் சஷ்மிதா வீட்டுக் கூரை.

"இந்தக் கட்டடம் சிமெண்ட்ல நுரை அடிச்சு ஊத்தினது" என்றேன். "சாதா கான்கிரீட்ல மூணுல ஒரு பங்கு எடைதான். நொய்யல் கரையில இந்த மண்ணு வேற எதையும் தாங்காது. அதனாலதான் ஒன்பது மாடி நிக்குது. ஆனா வெறும் நுரைக்குப் பலம் இல்ல. பலத்துக்கு நார் கலந்திருக்கு."

"பனியன் கட்டிங் வேஸ்ட்டுதானுங்க? எங்க கம்பெனியிலிருந்தும் போச்சு" என்றார் மாரப்பன்.

"அதுதான். அரைச்சு, ஒரு மருந்து பூசிக் கலந்திருக்காங்க. அந்த நாருக்கு ஒரு குணம். அதிர்வு பட்டா இறுகும். நீங்க நடந்தா, குதிச்சா, அம்மி அரைச்சா, கதவைச் சாத்தினா, ஒவ்வொரு தடவையும் சுத்தி இருக்கற சுண்ணாம்பைக் கொஞ்சம் இழுத்துத் தன் மேல பூசிக்கும். வருஷம் ஏற ஏறப் பலம் ஏறும். அசைவே இல்லைன்னா பூச்சு உதிர்ந்துடும்."

"சும்மா படுத்துக் கெடந்தா ஒடம்பு போற மாதிரி" என்றார் துளசிமணி.

"ஆமா. பழகு கான்கிரீட்னு பேர் வெச்சதே அதுக்குத்தான். ஆளுங்களோட பழகணும். ஆஸ்பத்திரி, லைப்ரரி, தியான மண்டபம் எதையும் இதுல கட்டக் கூடாதுன்னு விதி இருக்கு. பரீட்சைக்குப் படிக்கற வீடுன்னு யாரும் யோசிக்கல."

மாரப்பன் தரையைப் பார்த்தார். காலை மெதுவாக மேலே தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"கால வெக்கறதுதாங்க நல்லது" என்றேன்.

"பழக்கமாயிருச்சுங்க."

விதியைச் சொன்னேன். எந்தத் தளமும் இருபத்தொன்றுக்குக் கீழே இருக்கக் கூடாது. இருந்தால் மூன்று வாரக் கெடு. மறுபடி தட்டும்போதும் ஏறவில்லை என்றால் முப்பத்தாறு வீடும் அன்று மாலை ஐந்து மணிக்குள் காலி. கட்டடத்தை இடித்துவிடுவார்கள். கெடு இருபத்து மூன்றாம் தேதி.

"பரீட்ச இருபத்தி நாலுங்க" என்றார் துளசிமணி.

"மெஷின் வெச்சு ஆட்டிக்கலாங்களா? புள்ள வெளிய போற நேரம் பாத்து?" மாரப்பன் கேட்டார்.

"வேற ஊர்ல பாத்துட்டோம். மெஷின் ஒரே மாதிரி ஆட்டும். நார் ஒரே பக்கமா இறுகி மறுபக்கம் வெடிச்சுது. மனுஷங்கதான் வேணும். கோணல்மாணலா நடக்கணும். காலையிலிருந்து படுக்கற வரைக்கும்."

கீழே ஒரு நாற்காலி நகரும் ஒலி கூட இல்லை.

---

ஞாயிறு மாலை மொட்டை மாடியில் கூட்டம். எண்பது பேர் வந்திருந்தார்கள். எண்பது பேரும் கிசுகிசுத்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ திருட்டுக்குத் திட்டம் போடுவது போல இருந்திருக்கும்.

ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். ஒல்லியானவர். கத்தரிக்கோல் பிடித்த வலது கட்டை விரல் வளைந்திருந்தது.

"நாங்க மூணு வாரம் ஒறம்பர ஊட்டுல போயித் தங்கிக்கறமுங்க. நீங்க நடங்க, ஓடுங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. எங்களால முப்பத்தஞ்சு குடும்பம் தெருவுக்கு வரக் கூடாது."

"எங்க போவீங்?" துளசிமணி எழுந்தார். "ஒங்க அண்ணன் ஊட்டுலயா? அங்க நாலு பசங்க, ரெண்டு நாயி. ரெண்டு வருசமா நாங்க காலுக்கு ஒற போட்டு நடந்ததெல்லாம் புள்ள அங்க போயி நாயிக்குப் பக்கத்துல ஒக்காந்து படிக்கறதுக்கா?"

"கட்டடம் போனா வேற கட்டடம் குடுப்பாங்க" என்றார் மாரப்பன். "புள்ளைக்கு நாலாந் தடவை குடுப்பாங்களா?"

"குடுக்க ஆறு வருஷம் ஆகும்" என்றேன். "அதுவரைக்கும் தகரக் கொட்டகை."

"தகரக் கொட்டகையில இருந்து வந்தவிங்கதானுங்க நாங்க" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"கெடு முடியற அன்னிக்கே வீட்டை மூடுவாங்க. மறுநாள் பரீட்சை" என்றேன்.

"அந்த ஒரு நாள் எங்காச்சும் தங்கிக்குவா. படிப்பு அதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார் துளசிமணி.

கை தூக்கச் சொன்னார்கள். சத்தம் போடலாம் என்பதற்கு ஒரே ஒரு கை எழுந்தது. ஈஸ்வரமூர்த்தியுடையது.

அமைதியாக இருப்பது என்று முடிவானது. யாரும் கை தட்டவில்லை.

---

திங்கள் காலை நான்காவது மாடிக் கூரையை அளக்கப் போனேன். சஷ்மிதா கதவைத் திறந்தாள். அது ஓசையில்லாமல் திறந்தது.

அவள் அறையில் மேசை கிழக்குப் பார்த்து இருந்தது. மேசையில் விலங்கியல் புத்தகம். ஏணி போட்டு ஏறினேன். கூரையின் நடுவில் பதினெட்டு புள்ளி ஒன்று. இரண்டே நாளில் இன்னும் இறங்கியிருந்தது.

"சார், தெரியாமத்தான் கேக்கறேன். ஏன் எறங்குது?"

மாரப்பன் வீட்டில் சொன்னதை மறுபடி சொன்னேன். அவள் கேட்ட கேள்விகள் அவர்கள் கேட்டதைவிடக் கூர்மையாக இருந்தன. நார் எவ்வளவு நேரத்தில் இறுகும், எந்தத் திசையில், மறந்துபோன நார் மறுபடி பழகுமா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றேன்.

அவள் சிரித்தாள். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. கட்டடமும் நானும் ஒரே கேஸு."

ஏணியில் நின்றபடியே பார்த்தேன்.

"அம்மா மெஷினுக்கு அடியில தூளி கட்டித்தான் என்னத் தூங்க வெச்சாங்க. அம்பது மெஷின் ஒண்ணா ஓடும். பள்ளிக்கூடம் விட்டா நேரா அங்கதான். வீட்டுப்பாடம் எல்லாம் கட்டிங் டேபிளுக்குக் கீழ. எனக்கு அதுதான் தெரியும். இங்க ஒக்காந்தா பக்கம் திருப்பற சத்தம் எனக்கே பெருசாக் கேக்குது. அப்புறம் மேல் வீட்டுல மாரப்பன் மாமா காலை எடுத்து வெக்காம யோசிக்கறது கேக்குது. நூத்தி நாப்பது பேரு மூச்சப் புடிச்சுட்டு இருக்கறாங்கன்னு தெரிஞ்சா ஒரு வரி மண்டையில ஏறுங்களா?"

"அப்ப எப்படிப் படிக்கறீங்க?"

"மத்தியானம் லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டு அம்மா கம்பெனிக்குப் போயிருவேன். ரெண்டு மணி நேரம். அதுல ஏறறதுதான். மிச்ச நேரம் இங்க புத்தகத்த வெச்சுட்டு செவுத்தப் பாத்துட்டு இருப்பேன்."

"இதை அவங்ககிட்டச் சொல்லிட வேண்டியதுதானே."

"யார்கிட்டங்க?" அவள் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. உடனே இறங்கியது. "துளசிமணி அத்தை மெட்டியக் கழட்டி வெச்சிருக்காங்க. நடந்தா டைல்ஸ்ல படுதுன்னு. அவங்க வீட்டுக்கார மாமா உயிரோட இருக்கும்போதே. அவங்க மாமியார் பேசின பேச்சு உங்களுக்குத் தெரியாது. அவங்ககிட்டப் போயி, அத்தை, நீங்க பண்ணினதுதான் எனக்கு இடைஞ்சல்னு சொல்லட்டுங்களா?"

கீழே இறங்கி ஏணியை மடித்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பியபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"சார், ஹால் டிக்கெட் வந்திருச்சு. பரீட்ச ஹால் ரயில்வே லைனுக்குப் பக்கத்துல."

"அப்படியா?"

"இல்லீங்க. ஆனா இருந்தா எப்படி இருக்கும்? பத்து நிமிசத்துக்கு ஒரு ரயில். சத்தமே இல்லாம பொட்டாட்டம் இருக்கற ஊட்டுல படிச்ச புள்ள அங்க போயி என்ன எழுதும்? இப்ப இருந்தே சத்தத்துல படிச்சுப் பழகோணும். நீங்கதான் சொன்னீங்களே, பழகோணும்னு."

"நான் கான்கிரீட்டைச் சொன்னேன்."

"யாரச் சொன்னீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க பக்கத்துல நின்னு தலைய மட்டும் ஆட்டுங்க."

"நான் வேலையில பொய் சொன்னதில்லை."

"பொய் என்னுதுங்க. தலை மட்டும்தான் உங்களது."

அவள் கதவைத் திறந்து தாழ்வாரத்துக்குப் போனாள். நின்று, மூச்சை இழுத்து, முழுக் குரலில் கூப்பிட்டாள்.

"துளசிமணி அத்தை."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேல் மாடிக் கைப்பிடிச் சுவரில் தலைகள் எட்டிப் பார்த்தன. துளசிமணி மூன்றாவது மாடியிலிருந்து உறைக் காலோடு ஓடி வந்தார். படியில் சறுக்கி, கைப்பிடியைப் பிடித்துச் சமாளித்தார்.

"என்ன கண்ணு? என்னாச்சு?"

சஷ்மிதா சொன்னாள். ரயில், லைன், பத்து நிமிடம், பழக வேண்டும். இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது, அதற்குள் பழகாவிட்டால் அவ்வளவுதான் என்றாள். கண்ணில் தண்ணீர்கூட வரவைத்தாள்.

துளசிமணி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் சஷ்மிதா பக்கம் திரும்பினார். "எவ்வளவு சத்தம் வேணும் கண்ணு?"

---

அமைதிக்கு எவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டார்களோ அவ்வளவையும் சத்தத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கிரைண்டர்கள் ஏ பிளாக்கிலிருந்து திரும்பி வந்தன. துளசிமணி அட்டவணை போட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினார். எந்த வீடு எப்போது அரைப்பது, எந்த மாடிக் குழந்தைகள் எப்போது ஓடுவது, கும்மிப் பயிற்சி எத்தனை மணிக்கு. இடைவெளி விடக் கூடாது என்று அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. ரயில் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதால் எட்டாவது மாடியில் ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரும்புக் கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்தார். அது அட்டவணையில் இல்லை. அவராகவே செய்தார்.

முதல் இரண்டு நாள் பலருக்கு வரவில்லை. குழந்தைகள் ஓடச் சொன்னால் விரல் நுனியில் ஓடின. பெரியவர்கள் குதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது போலக் கீழே பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஏழாவது மாடித் தம்பதி செல்போனைக் கீழே வைத்தார்கள். இரண்டு ஆண்டுச் சண்டையை நான்கு நாளில் தீர்த்தார்கள். முப்பத்தாறு வீடும் கேட்டது. ஐந்தாம் நாள் யார் பக்கம் நியாயம் என்று தாழ்வாரத்தில் தனியாக ஒரு சண்டை நடந்தது.

மாரப்பன் பல்லடம் போய் மேளத்தைக் கொண்டுவந்தார். தோல் தளர்ந்திருந்தது. வெயிலில் வைத்து முறுக்கேற்றினார். முதல் அடியில் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. டம்ளர் உடைந்த வீட்டில் கைதட்டினார்கள்.

நான் மூன்று நாளைக்கு ஒரு முறை தட்டினேன். முதல் வாரம் எண் இன்னும் இறங்கியது. பதினேழு புள்ளி ஒன்பது. யாரிடமும் சொல்லவில்லை. நார் மறந்துவிட்டது என்று நினைத்தேன். பத்தாம் நாள் பதினெட்டு புள்ளி ஆறு. பதின்மூன்றாம் நாள் பத்தொன்பது புள்ளி ஐந்து. படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் டக் டக் என்று கேட்டது. துளசிமணி. காலில் உறை இல்லை. மெட்டி இருந்தது.

"ஏறுதுங்களா?"

"ஏறுது."

"புள்ளைக்கும் ஏறுதுங்க. நேத்து மாதிரிப் பரீட்சையில நாப்பது மார்க் எச்சு."

ஏ பிளாக்கிலிருந்து எழுத்தில் ஒரு புகார் வந்தது. விசாரணைக்கு என்னிடமே வந்தது. கட்டடப் பராமரிப்பு என்று எழுதி மூடினேன்.

---

இருபத்து மூன்றாம் தேதி மதியம் ஒரு மணிக்கு மறு ஆய்வு தொடங்கியது. ஏழு இடங்கள். ஆறில் இருபத்தொன்றுக்கு மேல் வந்தது. ஓரிடத்தில் இருபத்து மூன்று. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு எண்ணையும் மாடிக்கு மாடி கத்தி அனுப்பினார்கள்.

ஏழாவது இடம் மாரப்பன் வீட்டுக் கிழக்கு அறை. இருபது புள்ளி நான்கு.

மூன்று முறை தட்டினேன். இந்த ஓர் எண்ணுக்காக முப்பத்தாறு வீடும் போகும். ஐந்து மணிக்கு அதிகாரிகள் பூட்டுடன் வருவார்கள்.

"இந்த ரூம்ல என்ன நடந்தது?" என்றேன்.

மாரப்பன் சுவரைப் பார்த்தார்.

"மாரப்பா" என்றார் துளசிமணி.

"மத்த ரூம்ல எல்லாம் குதிச்சனுங்கக்கா. மேளம் அடிச்சேன். இந்த ரூம்ல மட்டும் கால் வர மாட்டேங்குது."

"இருபது நாளா?"

"நேர் கீழ புள்ள தலை இருக்குதுங்க." அவர் கையை விரித்துக் காட்டினார். "ரயிலுன்னாலும் தூரமாப் போகுது. இது உச்சந்தலைக்கு மேல."

"என்ன ரயிலு" என்றார் துளசிமணி. "ஹால் டிக்கெட்டப் பிரிண்ட் எடுத்துக் குடுத்ததே நானு. பெருமாநல்லூர் தாண்டிச் சோளக்காட்டுக்கு நடுவுல இருக்கற ஸ்கூலு. காக்கா கூட மெதுவாத்தான் கத்தும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியுமுங்க" என்றார் மாரப்பன். "ஈஸ்வரமூர்த்தி அன்னிக்கே சொல்லிட்டாரு."

வாசலில் நின்ற பெண்களில் ஒருவர் தனக்கும் தெரியும் என்றார். இன்னொருவர் தெரியாது என்றார். அவரை எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சும் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"பொய் சொல்லத் தெரியாத புள்ள கண்ணுல தண்ணி விட்டுப் பொய் சொல்லுது. சத்தம் அதுக்கு எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்? அத நம்பாம இருக்கறதுக்கு நாம யாருங்க?" துளசிமணி முந்தானையை இடுப்பில் செருகினார். "போதாததுக்கு எனக்குத் தும்மலக்கூட முழுசாப் போட முடியாம ரெண்டு வருசம் ஆச்சு. செரி. சார், மூணு மணி நேரத்துல ஏறுங்களா?"

"சுத்தி எல்லாம் இறுகிடுச்சு. இந்த இடம் சீக்கிரம் பிடிச்சுக்கும். நல்லா மிதிச்சா ஏறலாம்."

கட்டிலையும் பீரோவையும் வெளியே தள்ளினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை. கும்மிக்காரப் பெண்கள் பத்தொன்பது பேர் வட்டமாக நின்றார்கள். மாரப்பன் மேளத்தோடு வாசற்படியில். நான் கருவியோடு மூலையில் ஒதுங்கினேன்.

"ஜோடிக்கு ஒரு ஆள் கொறையுது" என்றார் துளசிமணி. "சார், ஷூவக் கழட்டுங்க."

"எனக்கு ஆடத் தெரியாது."

"ஊட்டுல அம்மிணிக்குத் தெரியுமா? கேட்டுட்டு வந்திருக்கலாமல்லோ."

"அவங்க இல்லீங்க. தவறிட்டாங்க. பதினாலு மாசம் ஆச்சு."

இந்த இடத்தில் எல்லோருக்கும் குரல் இறங்கும். பிறகு அந்தக் குரலிலேயே சாப்பிட்டீங்களா என்பார்கள். நான் காத்திருந்தேன்.

"நீங்க எந்த பிளாக்குல இருக்கீங்க?" துளசிமணியின் குரல் இறங்கவில்லை.

"பழைய செங்கல் கட்டடம். இந்தக் கான்கிரீட்ல தனியாளுக்கு வீடு கிடையாது. குறைஞ்சது ரெண்டு பேராவது நடக்கணும்."

"காலி பண்ணச் சொன்னாங்களாக்கும்?"

"முன்ன இருந்த வீட்டை நான்தான் தட்டிப் பார்த்தேன். பத்தொன்பது வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் என் காலைப் பார்த்தார். "அப்ப கால் ரெண்டும் சும்மாத்தான் இருக்குது. வாங்க."

ஷூவைக் கழற்றினேன். மாரப்பன் மேளத்தைத் தொட்டார். முதலில் மெதுவாக. துளசிமணி ஒரு பார்வை பார்த்ததும் ஓங்கி.

எல்லோரும் வலப்பக்கம் போனபோது நான் இடப்பக்கம் போனேன். பக்கத்தில் இருந்த பெண்ணின் காலை மிதித்தேன். மன்னிப்புக் கேட்பதற்குள் வட்டம் நகர்ந்துவிட்டது.

"தப்பா மிதிக்கறேன்" என்றேன்.

"கோணலாத்தானே வேணும்னு சொன்னீங்க. மிதிங்."

மிதித்தேன். தரை காலுக்குக் கீழே கொஞ்சம் கொடுத்து, திரும்பி வந்தது. எத்தனையோ தளங்களைத் தட்டியிருக்கிறேன். ஒன்றையும் காலால் கேட்டதில்லை. சட்டை நனைந்தது. மூன்று மணிக்கு நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். மறுபடி ஆடினோம். எட்டாவது மாடியில் கட்டில் இழுபட்டது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

நாலரைக்குக் கீழே இறங்கினோம். மிதித்த தளத்தை அடியிலிருந்து தட்டினால்தான் கணக்கு, அதனால் கடைசி அளவைச் சஷ்மிதா அறைக் கூரையில்தான் எடுக்க வேண்டும். ஈஸ்வரமூர்த்தி கதவைத் திறந்துவிட்டு வாயில் விரல் வைத்தார்.

அவள் மேசை மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். விலங்கியல் புத்தகம் கன்னத்துக்கு அடியில். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் தலைக்கு நேர் மேலேதான் இவ்வளவு நேரம் இருபது பேர் ஆடியிருக்கிறோம்.

"நல்லாத் தூங்கி எத்தனையோ மாசம் ஆச்சுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி, காதோடு.

துளசிமணி பின்னால் திரும்பிக் கையைக் காட்டினார். அந்தச் சைகை மாடிக்கு மாடி போனது. மேளம் நின்றது. கட்டில் நின்றது. கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. குழந்தைகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு நிமிடத்தில் கட்டடம் முழுவதும் பழையபடி ஆனது. இரண்டு ஆண்டுப் பழக்கம்.

ஏணியில் ஏறினேன். சுத்தியலை ஓங்கிவிட்டு அப்படியே நின்றேன். தட்டினால் எழுந்துவிடுவாள். தட்டாவிட்டால் அரை மணியில் பூட்டு வரும். வாசலில் பதினைந்து பேர் என் கையையே பார்த்தார்கள்.

சஷ்மிதா புருவத்தைச் சுருக்கினாள். புரண்டாள். கண்ணைத் திறந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

ஓங்கித் தட்டினேன். இருபத்தொன்று புள்ளி இரண்டு.